அத்தையை வியட்நாம் கூட்டிப்போனது

பிப்ரவரி 7, வெள்ளி

பெட்டி கட்டி முடிந்தது. அத்தை மூன்று முறை திறந்து திறந்து பார்த்துவிட்டார். பருப்புப்பொடி, நார்த்தங்காய், சுக்குத்தூள், காலுக்குத் தைலம் எல்லாம் இருக்கிறது. சுவெட்டர்தான் இல்லை. அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

டூர் கம்பெனியில் ஆளுக்கொரு தொப்பி, தோள்பை, டயரி கொடுத்தார்கள். அத்தை தன் டயரியையும் எனக்கே தந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டால் கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறவர் அவர். அதனால் பார்த்ததையும் தின்றதையும் மட்டும் எழுதப்போகிறேன்.

சாயங்காலம் அத்தை இவரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "திருமலை, மாடிக்குழாய் சொட்டுது, வாளி வச்சுக்கோ. செவ்வாக்கிழமை விளக்கேத்த மறந்துராத. பின்கதவுத் தாழ்ப்பாளைத் தூக்கித்தான் போடணும், இழுக்காத."

"சரிம்மா, சரிம்மா" என்று இவர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பிப்ரவரி 8, சனி

கோலாலம்பூரில் விமானம் மாறி, சைகான் வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. அத்தைக்குச் சக்கர நாற்காலி சொல்லியிருந்தேன். உட்கார மாட்டேன் என்று அதில் கைப்பையை மட்டும் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். எழுபத்தோரு வயது.

எங்கள் குழுவில் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள். டூர் மேனேஜர் சேவியர், திருச்சிக்காரர். பஸ்ஸில் மைக்கைக் கொடுத்து ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார். அத்தை மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.

"எம்பேரு சங்கரவடிவு. சொந்த ஊரு அம்பாசமுத்திரம். இப்ப மெட்ராஸ்ல நங்கநல்லூர். இவ எம் மருமவ தமயந்தி. எந்த ஊருல மருமவ மாமியாளத் தனியா வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போறா? எம் மருமவ கூட்டியாந்திருக்கா."

எல்லோரும் கைதட்டினார்கள். எதிர் சீட்டில் ஈரோட்டிலிருந்து வந்திருக்கும் தெய்வானை அக்கா, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், என் கையைப் பிடித்து, "கொடுத்து வெச்சவங்க கண்ணு உங்க அத்தை" என்றார்.

நான் கையை விடுவித்துக்கொண்டு பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் பழைய தபால் நிலையம். பிறகு பென் தான் மார்க்கெட். கடைக்காரப் பெண்கள் கால்குலேட்டரில் விலையைத் தட்டி நீட்டுகிறார்கள். இந்த ஊர்ப் பணத்தில் எத்தனை சைபர் என்று எண்ணுவதற்குள் தலை சுற்றுகிறது. அத்தை அந்தக் கால்குலேட்டரையே வாங்கித் தன் விலையைத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பாதி விலைக்கு வந்தது.

வாங்கியது ஜன்னல் திரைச்சீலை. வெள்ளைத் துணியில் தாமரை போட்டது. சாணால் அளந்து பார்த்து, "நம்ம அடுக்களை ஜன்னலுக்குச் சரியா இருக்கும்" என்றார்.

"எதுக்கு அத்தை, வேற ஏதாவது வாங்கலாமே."

"மேக்கு வெயில் எப்படி அடிக்குன்னு உனக்குத் தெரியாதா? நீதானே அங்கன நின்னு வேகுதே?"

நான் எதுவும் வாங்கவில்லை.

மாலையில் இவர் போன் செய்தார். அத்தை பக்கத்து அறையில் தெய்வானை அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். "பீரோ ரெண்டும் இறக்கியாச்சு. கட்டில்தான் வாசல்ல மாட்டிக்கிச்சு, அறுத்துட்டோம். அம்மா எப்படி இருக்காங்க?"

"அடுக்களை ஜன்னலுக்குத் துணி வாங்கியிருக்காங்க."

அங்கே யாரிடமோ, "பாத்து இறக்குங்க" என்றார். பிறகு, "வாங்கட்டும். சந்தோஷமா இருக்கட்டும்" என்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

அத்தை குளிக்கப் போயிருக்கிறார். தலைக்கு ஊற்றிக்கொள்கிறார், நேரமாகும். அதற்குள் எழுதிவிடுகிறேன். பிறகு இந்தத் தாளைக் கிழித்துவிட வேண்டும், இல்லையென்றால் டயரியையே என் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைக்க வேண்டும்.

நங்கநல்லூர் வீட்டை இடிக்கப்போகிறார்கள். மாமா கட்டிய வீடு. போவதற்கு முன் இவர் பெயருக்கே எழுதிவைத்துவிட்டார். பில்டர் ரெண்டு வருஷமாக அலைகிறார். அடுக்குமாடி கட்டினால் எங்களுக்கு ஒன்று, கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனார் மங்கைக்கு ஒன்று. அத்தை மட்டும், "நான் கண்ணை மூடினப்புறம் என்ன வேணும்னாலும் செய்ங்க" என்று ஒரே பேச்சாக நின்றார். அவரை உள்ளே வைத்துக்கொண்டு எப்படி இடிப்பது? எட்டு நாள் அவர் ஊரில் இல்லாவிட்டால் போதும் என்றார் இவர். மங்கையும் சரி என்றாள். நான் கூட்டிப்போக மட்டும்தான் ஒப்புக்கொண்டேன்.

எனக்கும் அந்த வீட்டில் என்ன இருக்கிறது? கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷம். அடுக்களையில் ஒரு உப்பு ஜாடியை நான் இடம் மாற்றி வைத்தால், காபி போட்டு முடிப்பதற்குள் அது பழைய இடத்துக்குப் போயிருக்கும். என் அம்மா வந்து தங்கினால்கூட அத்தை கையால் படுக்கை எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. எனக்கும் சொந்தமாக ஒரு அடுக்களை வேண்டாமா?

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தாலாட் என்று ஒரு ஊர். சொல்லும்போதே தாலாட்டு மாதிரி இருக்கு என்று அத்தை சிரித்தார். மலை, குளிர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகச் சுவெட்டர் வாங்கினோம். அத்தைக்கு ஊதா நிறம். சேலைக்கு மேல் அதைப் போட்டு, கம்பெனித் தொப்பியையும் வைத்துக்கொண்டு, "என்னைப் படம் பிடிச்சுத் திருமலைக்கு அனுப்பு" என்றார். அனுப்பினேன். இவர் ஒரு இதயப் படம் போட்டார்.

பூந்தோட்டம் பெரியது. பந்து பந்தாக நீலப் பூக்கள், பெயர் தெரியாத மஞ்சள் பூக்கள், குதிரை மாதிரியும் வண்டி மாதிரியும் செடிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பாத்தியில் பெண்கள் குந்தி உட்கார்ந்து, நன்றாகப் பூத்து நின்ற செடிகளை வேரோடு பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை பதறி சேவியரைக் கூப்பிட்டுக் கேட்டார். "வாடுறதுக்கு முன்னாடியே எடுத்துட்டு அடுத்ததை வச்சிருவாங்க பாட்டிம்மா. இல்லேன்னா வர்றவங்களுக்குத் தோட்டம் இப்படி இருக்காது" என்றார் அவர்.

மற்றவர்கள் ஸ்ட்ராபெரி வாங்கப் போனார்கள். நானும் அத்தையும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். வெகுநேரம் அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி தமயந்தி. ஒண்ணு சொல்லுதேன், திருமலைகிட்ட இப்பச் சொல்லாத. ஊருக்குப் போயி நானே சொல்லிக்கிடுதேன்."

"என்ன அத்தை?"

"இடிச்சுக் கட்டட்டும். நான் ஏன் குறுக்க நிக்கணும்? உங்க மாமா போனதுலயிருந்து அந்த வீட்டை விட்டா எனக்கு வேற பிடிமானம் இல்லன்னு நெனைச்சேன். இங்க வந்து இத்தனை நாளாச்சு. வீட்டு நெனைப்பு வரவே இல்லட்டி. வெக்கமா இருக்கு."

சுவெட்டர் பொத்தானைத் திருகிக்கொண்டே மேலும் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். சாமானை நான்தான் எடுத்து வைக்கணும். ஆள் விட்டு அள்ளிப் போடக் கூடாது. அவுக வேட்டி, கண்ணாடி, மங்கை சின்னப்பிள்ளைல போட்ட கொலுசு, எல்லாம் எங்கெங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும். ஒரு மாசம் குடுங்க. கொடுக்கதைக் கொடுத்து, வைக்கதை வச்சு, நானே பூட்டிச் சாவியை அந்தப் பில்டர் கையில குடுத்துருதேன். என்ன சொல்லுதே?"

"சரி அத்தை" என்றேன்.

கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அதன் பின்சுவரோரம் நின்று இவருக்குப் போன் செய்தேன்.

"நிறுத்தச் சொல்லுங்க. அத்தை சம்மதிச்சுட்டாங்க."

"என்னது?"

"இடிக்கலாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. சாமான் மட்டும் அவங்க கையால எடுக்கணுமாம். ஒரு மாசம் டைம் கேக்குறாங்க."

"சாமானெல்லாம் நேத்தே போயாச்சு. நல்லதை வாடகை வீட்டுக்கு ஏத்தியாச்சு, மிச்சத்தைப் பழைய சாமான்காரன் எடுத்துட்டான். காலையில மெஷின் வந்துடுச்சு தமயந்தி. முன் ரூம் கூரை இறங்கிடுச்சு." பின்னால் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அவர் சிரித்தார். நிஜமாகவே நிம்மதியான சிரிப்பு. "எப்படியோ சம்மதிச்சுட்டாங்கல்ல? அப்புறம் என்ன? பிரச்சினையே இல்லையே."

"நான் சொல்லிடறேன் அவங்ககிட்ட."

"லூசா நீ? அந்நிய ஊருல மயங்கி விழுந்தா யார் பாக்கறது? வாயை மூடிட்டு வா. இங்க வந்ததும் நான் பேசிக்கறேன்."

திரும்பி வந்தபோது அத்தை ஒரு காகிதப் பொட்டலத்தில் எனக்கென்று ஸ்ட்ராபெரி வாங்கி வைத்திருந்தார். புளிப்பு.

பிப்ரவரி 12, புதன்

விமானத்தில் தா நாங். மழை. இந்தியச் சாப்பாட்டுக் கடையில் இட்லி கிடைத்தது. அத்தை நான்கு சாப்பிட்டார். நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

மலை உச்சிக்குத் தொங்கு வண்டியில் போனோம். அரை மணி நேரத்துக்குப் பக்கமாகப் போகிறது. கீழே காடு, அருவி, பிறகு ஒன்றுமே இல்லை, வெறும் பனி. அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் கையைப் பிடித்ததாக எனக்கு நினைவில்லை.

மேலே இரண்டு பெரிய கல் கைகள் ஒரு பாலத்தைத் தாங்கி நிற்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். பனியில் விரல் நுனிகள்தான் தெரிந்தன. பூந்தோட்டமும் இருக்கிறதாம். நடந்தோம். பக்கத்தில் இருக்கிற செடி தெரிந்தது, அதற்கடுத்த செடி தெரியவில்லை.

"புது வீட்டுல அடுக்களையை உன் இஷ்டத்துக்குக் கட்டிக்கிடு. நான் உள்ள வரமாட்டேன். எனக்கு ஒரு ஜன்னல் இருக்க ரூம் போதும்" என்றார் அத்தை.

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். யாரும் பக்கத்தில் இல்லை. பனியில் என் முகமும் அவருக்குச் சரியாகத் தெரியாது. "அத்தை" என்று கூப்பிட்டேன். "என்னட்டி?" என்று திரும்பினார். "கால் வலிக்குதா?" என்று கேட்டேன்.

மாலையில் ஹோய் ஆன். தெரு முழுக்க விளக்குக் கூண்டுகள், தையற்கடைகள். அத்தை தன் பணத்தில் எனக்கு ஒரு பட்டுத்துணி எடுத்தார். மாம்பழ நிறம். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "கிரகப்பிரவேசத்துக்கு ரவிக்கை தச்சுக்கோ" என்றார்.

தெய்வானை அக்கா, "நீங்க ஏன் கண்ணு அழுவறீங்க?" என்று கேட்டார். விளக்குப் புகை என்றேன். அந்தக் கூண்டுகளில் எரிவது மின்சார பல்புகள்.

பிப்ரவரி 14, வெள்ளி

திரும்பவும் சைகான். ஆற்றுக் கப்பலில் இரவு உணவு. சீக்கிரமே ஏற்றிவிட்டார்கள். வட்ட மேசை, வெள்ளைத் துணி, பாட்டுக்காரர்கள். சைவக்காரர்களுக்குத் தனி வரிசை. அத்தை குச்சியால் நூடுல்ஸ் எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். மேசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அத்தையின் போன் அடித்தது. எதிர்வீட்டு மீனாட்சிசுந்தரம் சார். போனில் காது சரியாகக் கேட்காது என்று அத்தை எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். வீடியோ.

"டூர் எல்லாம் எப்படிப் போகுதும்மா? தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. தூசி தாங்க முடியலை, இவளுக்கு வேற வீசிங். இன்னும் எத்தனை நாள் இடிப்பாங்கன்னு திருமலைகிட்டக் கேட்டா, போனை எடுக்க மாட்டேங்கறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"எதை இடிக்காங்க?" என்றார் அத்தை.

அவர் போனைத் திருப்பிக் காட்டினார்.

நானும் பார்த்தேன். முன் சுவர் இல்லை. பூஜை அறையின் பச்சைச் சுவர் மட்டும் வெட்டவெளியில் நின்றது. அதில் மாமா படம் மாட்டியிருந்த ஆணி இருந்த இடம் வரை தெரிந்தது.

அத்தை போனை வைத்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார். பாட்டு நின்றிருந்தது. மேசை முழுக்கக் கேட்டது.

"திருமலை, வீட்டை இடிச்சுட்டியா?"

"அம்மா..." என்றார் இவர். "அம்மா, யார் சொன்னா? தமயந்தி சொன்னாளா?"

"நீ சொல்லு."

"இல்லம்மா, அது வந்து... தமயந்திதான் சொன்னா. நீங்க பக்கத்துல இருந்து பார்த்தா தாங்க மாட்டீங்கன்னு. அவதான் டூர் ஏற்பாடெல்லாம் பண்ணினா. எனக்கு மனசே இல்லம்மா. அவ விடலை."

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அத்தை கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, போனை அணைத்தார்.

"பூந்தோட்டத்துல வச்சு நான் சொன்னேனே. அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

அத்தை குச்சிகளைத் தட்டின் மேல் சேர்த்து வைத்தார். பாட்டுக்காரி அடுத்த பாட்டைத் தொடங்கினாள். தெய்வானை அக்கா எழுந்து வந்து அத்தையின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஓட்டலுக்குத் திரும்பியதும் சேவியர் வந்து, மிகவும் மரியாதையாக, அத்தையின் பெட்டியை அந்த அக்காவின் அறைக்கு எடுத்துப் போனார்.

பிப்ரவரி 15, சனி

காலையில் மாரியம்மன் கோயில். அந்தக் காலத்துச் செட்டியார்கள் கட்டியதாம். அந்த ஊர் ஜனங்கள் ஊதுபத்திக் கட்டோடு வந்து கும்பிடுகிறார்கள். அத்தை நெடுநேரம் கண்ணை மூடி நின்றார். எனக்கு என்ன வேண்டுவது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலி. யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. தண்ணீர் பாட்டில் கேட்டால் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். தெய்வானை அக்காவிடம் மட்டும் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, நான் தனியா இதைச் செய்யலை. அவங்க மகன்தான், மகளுக்கும் தெரியும்."

"இருக்கும் கண்ணு" என்றார். "ஆனா எட்டு நாளா கூட இருந்தது நீங்கதானே."

மங்கை இன்று ஐந்து முறை அத்தைக்குப் போன் செய்தாள். எனக்கு ஒரு முறைகூட இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சென்னை. மங்கை கோயம்புத்தூரிலிருந்து வந்து இவரோடு விமான நிலையத்தில் நின்றாள். ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டு, "அண்ணி இப்படிச் செய்வாங்கன்னு நான் நெனைக்கவே இல்லம்மா" என்று அழுதாள். அழுகை நிஜம்தான். என்னைப் பார்க்காமல் அழுதாள்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு பெட்டிகளை ஏற்றினார்.

அத்தை நேராக வீட்டுக்குப் போகச் சொன்னார். நாளைக்குப் போகலாம் என்றார் இவர். "இப்பப் போ" என்றார் அத்தை. நான் காரிலேயே இருந்தேன். கேட் மட்டும் நின்றது. உள்ளே கம்பியும் செங்கல்லும். எப்போதும் கேட்டருகிலேயே செருப்பைக் கழற்றுகிறவர், இன்று செருப்போடு உள்ளே போனார். அடுக்களை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மகன் கையைப் பிடித்துக்கொண்டு கல் மேல் கால் வைத்து இறங்கி வந்தார்.

மடிப்பாக்கம் வாடகை வீட்டில் எல்லாம் அட்டைப் பெட்டிகளாகக் கிடக்கிறது. கொலுசு எந்தப் பெட்டியில் என்று மங்கை கேட்டாள். இவருக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்பாசமுத்திரத்திலிருந்து அத்தையின் தம்பி வந்திருந்தார். அத்தை அவரிடம், என் காது கேட்க, "திருமலை என்ன செய்வான் பாவம். எல்லாம் அவ செஞ்சது" என்றார். அவர் என் கையால் காபி வாங்கவில்லை.

அவர் போன பிறகு இவரைக் கேட்டேன். "நீங்க வாயைத் திறக்க மாட்டீங்களா?"

"தமயந்தி, அம்மா இப்ப எங்கிட்டப் பேசறாங்க. என் தட்டுல சாப்பாடு போடறாங்க. நான்தான்னு சொன்னா உடைஞ்சு போயிடுவாங்க. நீ மருமகதானே, நாலு நாள் கோபமா இருப்பாங்க, அப்புறம் சரியாயிடும். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு."

"நானா?"

"எனக்காக."

பாத்திரம் தேய்த்தேன். புது அடுக்களையில் எதை எங்கே வைத்தாலும் யாரும் மாற்றி வைப்பதில்லை.

மார்ச் 2, ஞாயிறு

இன்று கேட்டுவிட்டேன்.

இவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் காபி எடுத்துக்கொண்டு அத்தையின் அறைக்குள் போனேன். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பக்கத்து வீட்டு மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையிலிருந்து தெரிவது அது ஒன்றுதான். காபியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அத்தை, நான்தான் எல்லாம் செஞ்சேன்னு நீங்க நிஜமா நம்பறீங்களா?"

அந்தக் கப்பல் ராத்திரிக்குப் பிறகு இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"நான் பெத்தவனை எனக்குத் தெரியாதாட்டி? போன்ல அவன் 'அம்மா'ன்னு இழுத்ததுமே தெரிஞ்சுபோச்சு. மங்கைக்கும் தெரியும்னு ஏர்போட்ல பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் அத்தை எல்லார்கிட்டயும் என்னையே சொல்றீங்க?"

"வேற என்ன செய்யச் சொல்லுதே? இந்த வயசுல பெத்த ரெண்டையும் வெறுத்துட்டு நான் எங்க போயி இருப்பேன்? யார் கையால சாப்பிடுவேன்? யாரையாவது வெறுத்தாத்தான் என்னால உக்கார முடியுது. அதான் உன்னை வெறுக்கேன்."

டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"உன் மேலயும் தப்பு இல்லாம இல்ல. அந்தப் பெஞ்சுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உன்னை எம் பக்கத்துல வச்சிருப்பேன். நீ அவன் பக்கம் போனே. அவன் உன்னை விட்டுட்டான். இனிமே எனக்காவப் பொறுத்துக்கிடு." காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "போ. கதவைச் சாத்தாத. என்ன பேசுதோம்னு சந்தேகப்படுவான்."

வெளியே வந்தேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். "மன்னிப்புக் கேட்டியா? அம்மா என்ன சொன்னாங்க?"

"சர்க்கரை போதலையாம்" என்றேன்.